சுண்ணாம்பு காயாத கொட்டகை

கடை வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து அழுதால் அந்தக் கடையில் வியாபாரம் நடக்காது. சத்தம் போட்டு அழுதாலாவது வேடிக்கை பார்க்க ஆள் சேரும். சேர்ந்த ஆட்களில் ஒருவர் கைக்குட்டையாவது வாங்கிப் போவார். மூக்காயி சத்தமில்லாமல் அழுதாள். எஹலியகொடைக் கடைத்தெருவில் முக்தாரின் புடவைக் கடைப் படியில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கதவு திறந்த நேரத்திலிருந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு முக்தாரைப் பார்த்தார்கள், பிறகு எதிர்க்கடைக்குப் போனார்கள். இந்த மனுஷன் அந்தப் பெண்ணை என்ன செய்தாரோ என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

முக்தார் ஒன்றும் செய்யவில்லை. வாயால் மட்டும் செய்திருந்தார்.

சம்பள நாளில் துணி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவது அவர் வழக்கம். போன மாதம் மூக்காயி ஒரு சிவப்புச் சேலையை எடுப்பதும் போடுவதுமாக இருந்தாள். பேரம் செத்துவிடாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது முக்தார் தன் வாப்பாவிடம் படித்த பாடம். அன்றைக்குப் பேச அகப்பட்டது மைத்துனன் மர்சூக். மனைவி மஹ்மூதாவின் தம்பி. புதிதாக ப்ரொக்டர் பரீட்சை பாஸ் பண்ணி இரத்தினபுரியில் பெயர்ப்பலகை மாட்டியிருந்தான். கோர்ட்டில் அவன் வாயைத் திறந்தால் எந்தப் பூட்டும் திறக்கும் என்று முக்தார் அளந்துவிட்டார். சேலையும் விற்றது. மற்ற வியாபாரிகள் சேலையோடு ஒரு முழம் ரிப்பன் கொசுறு கொடுப்பார்கள். இவர் மைத்துனனைக் கொடுத்தார். கொசுறைக் கேட்டு யாராவது கடைக்கு வருவார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"ஒங்க மச்சான் எந்தப் பூட்டையும் தொறப்பாருன்னு நீங்கதானே சொன்னீங்க மொதலாளி," என்றாள் மூக்காயி. "எங்க வூட்டுக்காரர பூட்டிப்புட்டாங்க."

விஷயம் இதுதான். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. பால் வெட்டினாலும் நஷ்டம், வெட்டாவிட்டாலும் நஷ்டம் என்று துரைமார் கையைப் பிசைந்தார்கள். ஆட்களைக் குறைக்க வழி தேடினார்கள். வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று டாக்டர் சீட்டு இருந்தால், இந்தியாவிலிருந்து வந்த ஆளை அரசாங்கச் செலவில் ரயிலேற்றிக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பலாம். கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் என்று வந்த ஏற்பாடு அது. வாய்க்காரர்களுக்கும் அது பொருந்தும் என்று கண்டுபிடித்தவர் பெரிய கங்காணி பழனியாண்டி.

மூக்காயியின் புருஷன் ஐயாவு நல்ல வேலைக்காரன், ஆனால் வாயை வீட்டில் வைத்துவிட்டு வரத் தெரியாதவன். ஒருநாள் காலைப் பெரட்டில், தோட்டமே வரிசையில் நிற்கும்போது, கங்காணியிடம் அவன் பணிவாக ஒரு யோசனை சொன்னான். குருவிட்டப் பக்கம் ஆட்கள் குழி தோண்டி மாணிக்கக் கல் தேடிக் கஷ்டப்படுகிறார்களாம். அவர்களை நம் தோட்டத்து அரிசி மூட்டைக்கு அனுப்பிவைத்தால் சீக்கிரம் பணக்காரர்களாகிவிடுவார்கள். பெரட்டு முழுக்கச் சிரித்தது. துரைகூட எதற்குச் சிரிப்பு என்று கேட்டார். அரிசி போடுகிறவர் பழனியாண்டி.

அடுத்த வாரமே தோட்டத்து மருந்துக்காரர் ஐயாவுவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். நெஞ்சு பலவீனம், மண்வெட்டி தூக்கவும் சக்தியில்லை, எந்த வேலைக்கும் உதவான் என்று எழுதிக் கொடுத்தார். அன்றே ஐயாவுவை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய், திருப்பி அனுப்பும் ஆட்களை வைத்திருக்கும் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை ரயில்.

"அவரு ஊரு எதுன்னு அவருக்கே தெரியாது மொதலாளி," என்றாள் மூக்காயி. "அம்மா இடுப்புல ஒக்காந்து வந்தவரு. நான் இங்க ஸ்டோருக்குப் பின்னால லயத்துல பொறந்தவ. நானும் ரெண்டு பொட்டப் புள்ளைகளும் எந்தத் திசையப் பாத்து அழுவுறது?"

உள்ளேயிருந்து மஹ்மூதா திரைச்சீலையை விலக்கினாள். "இஞ்ச பாருங்க. அந்தப் புள்ள விடிஞ்சதுலேந்து ஒண்டும் திங்கல்ல. ஒங்கட வாயால வந்த வேல. நீங்களே போய் முடிச்சிட்டு வாங்க."

முக்தார் கடையைச் சாத்தினார். எப்படியும் வியாபாரம் இல்லை.

கொட்டகை முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிவைத்த இடம். சுவரில் புகை நாற்றம் இன்னும் போகவில்லை. தகரக் கூரையில் ஓட்டை இருந்தது என்று சொல்வது சரியில்லை. ஓட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் தகரம் இருந்தது. இரத்தினபுரி மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே கணுக்கால் வரை தண்ணீர். வெளியே இருந்த அட்டைப்பூச்சிகள், வெளியைவிட உள்ளே ஈரம் அதிகம் என்று குடியேறியிருந்தன. ஆட்கள் பழைய பெட்டிகளின் மேல் குந்தியிருந்தார்கள். காவல்காரர் அப்புஹாமி ஒரு மூலையில் குடையை விரித்துக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தார். முக்தாரைக் கண்டதும் சிங்களத்தில் புலம்பத் தொடங்கினார். இவர்கள் சனிக்கிழமை போய்விடுவார்களாம். அவருக்குத்தான் ஆயுள் தண்டனையாம்.

முக்தார் கையோடு கூட்டிவந்திருந்த மர்சூக் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மலர்ந்தது. நல்ல சரக்கைக் கண்ட வியாபாரியின் முகம். இவ்வளவு மோசமான கொட்டகை ஒரு புது ப்ரொக்டருக்கு எளிதில் கிடைக்காது.

அவன் இரண்டு மனு எழுதினான். முதலாவது, ஐயாவு திடகாத்திரமானவன், ஆகவே அவனை அனுப்பக்கூடாது. இரண்டாவது, கொட்டகையின் கேட்டினால் ஐயாவுவின் உடம்பு சீரழிந்துவிட்டது, ஆகவே அவனை அங்கே வைத்திருக்கக்கூடாது.

முக்தாருக்கு இது நெருடியது. "மச்சான், ஒரு மனுவுல ஆள் இரும்பு மாதிரி ஈக்கு. மத்த மனுவுல சாகக் கிடக்கான். ஒரே துணிக்கு ரெண்டு வெல செல்றீங்களே."

சட்டத்தில் அப்படிச் செய்யலாம் என்றான் மர்சூக். ஒன்று விழுந்தால் ஒன்று நிற்கும். முக்தார் தலையாட்டினார். கடையில் அப்படிச் சொன்னால் இரண்டும் விழும் என்பது அவர் அனுபவம். ஆனால் அவர் பரீட்சை எழுதியவர் இல்லை.

நீதவான் ஒரு வெள்ளைக்காரத் துரை. அதிகம் பேசாதவர். தோட்டத்தின் தரப்பில் வந்த வக்கீல் வெள்ளைக் கால்சட்டையும் தங்கச் சங்கிலியுமாக எழுந்து நின்று, கொட்டகை வசதியானது, மனு முழுப் பொய் என்றார். மர்சூக் எழுந்து, முடிந்தால் துரை அவர்கள் தம் சப்பாத்தோடு உள்ளே ஓர் அடி வைத்துப் பார்க்கட்டும் என்றான். துரை பேனாவை மூடினார். வியாழக்கிழமை காலை நேரில் வருவதாகவும், இரண்டு மனுவுக்கும் அதன் பிறகே தீர்ப்பு என்றும் சொல்லிவிட்டார்.

மர்சூக் கோர்ட்டுக்கு வெளியே வந்து முக்தாரைக் கட்டிக்கொண்டான். அந்தத் தண்ணீரைக் கண்ணால் பார்த்தால் போதும், துரை அங்கேயே எல்லாரையும் வெளியே விடுவார். முக்தார் போய் ஐயாவுவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவனுக்குத் தெம்பாக இருக்கும்.

முக்தார் போனார். செவ்வாய்க்கிழமை, பெய்கிற மழையில், கம்பிக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஜட்ஜ் துரை வியாழக்கிழமை காலையில் கொட்டகையைச் சுற்றிப்பார்க்க வருகிறார். எல்லாம் அவர் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஐயாவு ஒரு கணம் யோசித்தான். பிறகு, "நீங்க கவலப்படாதீங்க மொதலாளி, நாங்க பாத்துக்கிறோம்," என்றான். முக்தார் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். கவலைப்படாதே என்று கட்சிக்காரனே சொல்லும்போது கவலைப்படவேண்டும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. துரையின் கார் முன்னால், வக்கீலின் கார் பின்னால், அதில் கங்காணி பழனியாண்டி கோட்டும் தலைப்பாகையுமாக. முக்தாரும் மர்சூக்கும் மாட்டுவண்டியில். வளைவு திரும்பியதும் மர்சூக், வண்டிக்காரன் வழி தப்பிவிட்டான் என்று கத்தப் பார்த்தான்.

கொட்டகை வெள்ளைவெளேரென்று நின்றது.

நாலு சுவருக்கும் சுண்ணாம்பு. கூரை ஓட்டைகளில் பழைய ரப்பர் ஒட்டுப்பாலை உருட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே தரை காய்ந்து, சாணம் மெழுகி, கோலம்கூட இருந்தது. சுற்றிலும் புதுசாகக் கான் வெட்டி, தண்ணீரெல்லாம் கீழே ஓடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. வாசலின் இரு பக்கமும் வாழை. வாசலுக்கு முன்னால் கைதிகள் எல்லாரும் தலைவாரி, பெரட்டு வரிசையில் நின்றார்கள். நெற்றியில் திருநீறு, முழங்கையில் சுண்ணாம்பு. துரை இறங்கியதும் ஒரே குரலில், "சலாங்க தொரை."

முக்தாருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இருபது வருஷமாகத் தோட்டத்துக்குத் துணி சுமந்தவர் அவர். பெரிய துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள், கான் வெட்டுவார்கள், புள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பார்கள். துரை வருகிறார் என்ற செய்திக்குத் தோட்டத்தில் வேறு பதில் கிடையாது. இவ்வளவும் தெரிந்த அவர்தான் அந்தச் செய்தியைத் தன் குடையோடு சுமந்துபோய்க் கொடுத்திருந்தார்.

அப்புஹாமி பல்லைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார். வெசாக் பண்டிகைக்கு விகாரையில் பூசி மிஞ்சிய சுண்ணாம்பாம், அவர்தான் கேட்டு வாங்கிவந்தாராம். மண்வெட்டியும் அவர் வீட்டுடையதாம். இப்போது அவர் மூலையிலும் ஒழுகவில்லையாம்.

"நல்லா இருக்குங்களா மொதலாளி?" என்று ஐயாவு மெதுவாகக் கேட்டான். அவன் கண்ணில் பெருமை. ராத்தூக்கம் இல்லாத சிவப்பு.

"நல்லா ஈக்கு ஐயாவு," என்றார் முக்தார். வேறென்ன சொல்வது.

வக்கீல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். கணுக்கால் வரை தண்ணீர் என்று மனுவில் இருக்கிறது. மனுதாரர் தம் கணுக்காலை எங்கே நனைத்தார் என்று காட்டினால் நன்றாயிருக்கும் என்றார். மர்சூக்கின் வாய் திறந்து மூடியது. பூட்டு ஒன்றும் திறக்கவில்லை. துரை சுவரில் ஒரு கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். இந்த இடம் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். கங்காணி முந்திக்கொண்டு, எப்பவுமே இப்படித்தான், வருஷக்கணக்கில் இப்படித்தான் என்றார். கோர்ட்டு மொழிபெயர்ப்பு முதலியார் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை சுவரிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. அவர் அதைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்தார்.

அப்போதுதான் முக்தாரின் மூளை கடைக்குத் திரும்பியது. வாங்க வந்தவள் சேலையின் கரையைப் பிடிக்கவில்லை என்று சொன்னால், கரைக்காக அழக்கூடாது, உடலைக் காட்டவேண்டும். கொட்டகை மனு போய்விட்டது, அல்லாஹ் பொறுக்கட்டும். ஆனால் இந்தக் கொட்டகையை இப்படி ஆக்கியது யார்? நாங்கள்தான் செய்தோம் என்று இவர்கள் சொன்னால், சொல்லிக்கொடுத்த பேச்சு என்பார் வக்கீல். எதிர்ப் பக்கத்து வாயிலிருந்தே வரவேண்டும். விற்கிறவனிடமிருந்து சரக்கின் உண்மையை வரவழைக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு. சரக்கைக் குறை சொல்லவேண்டும்.

அவர் மர்சூக்கின் காலை மிதித்துப் பேசாமலிருக்கச் செய்தார். பிறகு கானின் ஓரமாக நடந்து, குனிந்து பார்த்து, கடையில் எதிர்க்கடைத் துணியைப் பார்க்கும் முகத்தை வைத்துக்கொண்டார்.

"என்ன கங்காணியார்," என்றார் உரக்க, "கான் இப்படிக் கோணலா ஈக்கே. யாரோ கையாலாகாத கெழவன் வெட்டின மாதிரி."

பழனியாண்டி திரும்பினார். முப்பது வருஷம் ஆள் வைத்துக் கான் வெட்டியவர். "கோணலா? மொதலாளி, நீங்க துணி அளக்குற ஆளு. கானப் பத்தி ஒங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எனக்குத் தெரியாட்டியும் கண்ணு ஈக்கே. எங்கட கடைக்கு முன்னால சிங்கள ஆளுங்க வெட்டின கான் இத விட நல்லம்."

கங்காணிக்கு அது தாங்கவில்லை. கோட்டைத் தூக்கிக்கொண்டு குந்தினார். ஒரு கண்ணை மூடிக் கானின் நீளத்துக்கும் பார்த்தார். பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. சொந்தப் பிள்ளையின் முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர்போல.

"நூல் புடிச்ச மாதிரி இருக்கு. வாட்டத்தப் பாருங்க, ஒரு சொட்டு நிக்குதா? இது நம்ம கேங்கு ஆளு வேல மொதலாளி. ஐயாவு வெட்டு. இந்தப் பக்கத்துத் தோட்டம் எல்லாத்துலயும் தேடுங்க, இப்படி வெட்ட ஒருத்தன் கெடையாது."

துரை முதலியாரைப் பார்த்து, அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். முதலியார் ஒரு தமிழ் வார்த்தையைக்கூட வீணாக்காத மனுஷர். கோணல், கிழவன், நூல், வாட்டம் எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தார். வக்கீல் இருமினார். கங்காணிக்குக் கேட்கவில்லை.

முக்தார் உதட்டைப் பிதுக்கினார். "நான் நம்ப மாட்டேன் கங்காணியார். இந்த ஒடம்பா வெட்டிச்சு?"

"டேய் ஐயாவு," என்றார் பழனியாண்டி. "மம்பட்டிய எடு. மொதலாளிக்கு வெட்டிக் காட்டு."

ஐயாவு யோசிக்கவில்லை. கங்காணி எடு என்றால் எடுப்பதும், வெட்டு என்றால் வெட்டுவதும் அவன் கைக்குப் பழகிப்போன காரியம். அப்புஹாமியின் மண்வெட்டி மேலே போயிற்று, கீழே வந்தது, இன்னொரு தடவை போயிற்று. கானின் முனை இன்னும் ஒரு முழம் நீண்டது, நூல் பிடித்தபடியே. ஈர மண் ஒரு கட்டி பறந்துபோய் வக்கீலின் வெள்ளைக் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது.

வக்கீல் கங்காணியின் காதருகே குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். முதலியார் முதல்தடவையாக மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். ஆனாலும் பழனியாண்டிக்குப் புரிந்தது. அவர் தலைப்பாகையைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

துரை மருந்துக்காரரின் சீட்டைக் கேட்டு வாங்கி, தாமே படித்துப் பார்த்தார். மண்வெட்டி தூக்கவும் சக்தியில்லை என்ற வரிக்கு வந்ததும் ஐயாவுவைப் பார்த்தார். ஐயாவு அவசரமாக மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அப்போதுதான் துரை முதல்தடவையாகச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. ஐயாவுவைத் திருப்பி அனுப்பும் உத்தரவு செல்லாது. தோட்டம் அவனை அவன் வேலைக்கும் லயத்துக்கும் எடுத்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது மனு தள்ளுபடி. கொட்டகை காய்ந்த, சுத்தமான, நல்ல வடிகாலுள்ள இடம். இந்த ஜில்லாவில் தாம் பார்த்த அடைப்பிடங்களில் இதற்கு ஈடில்லை என்று துரை எழுதியிருந்தார். மர்சூக் பாதித் துக்கம் கொண்டாடினான். அவன் எழுதிய மனுக்களில் மொழி அழகு கூடியது அந்த இரண்டாவதுதான்.

ஐயாவு விடுபட்டான். கொட்டகையில் மற்றவர்கள் இருந்தார்கள். மர்சூக் அவர்களுக்கும் மனுப் போட்டு, அந்தச் சனிக்கிழமை ரயிலில் யாரையும் ஏற்றக்கூடாது என்று உத்தரவு வாங்கினான். விஷயம் உள்ளே தெரிந்ததும் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இங்கேயே இருக்க ஆசைப்பட்டவர்கள் மண்வெட்டியைப் பிடித்தார்கள். அழகம்மா என்ற விதவை தினமும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சுவர் தடித்துக் கதவு சாத்தமுடியாமல் போயிற்று. ஊருக்குப் போய் மகள் வீட்டில் கண்ணை மூட ஆசைப்பட்ட கிழவர் செல்லையா, துடைப்பம் பக்கத்தில் வந்தாலே அலறினார்; யாராவது பார்த்துவிட்டால் தன்னையும் வேலைக்காரன் என்று நிறுத்திவிடுவார்களாம். யார் போகவேண்டும், யார் இருக்கவேண்டும் என்று அப்புஹாமி படுக்கையிலிருந்தே சொல்லிவிடுவார். இருமுகிறவர்கள் போகிறவர்கள். எந்த டாக்டர் சீட்டும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

பழனியாண்டி ஐயாவுவைப் பெரட்டில் சேர்த்துக்கொண்டார். மருந்துக்காரர் அவனைக் கண்டால் வேறு பாதையில் போனார். அரிசியில் கல் குறைந்தது என்று லயத்தில் பேச்சு. முற்றாகப் போகவில்லை.

அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள், முக்தார் கடையைத் திறந்தபோது படியில் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். ஐயாவு பின்னால் நின்று, கடைக்கு முன்னாலிருந்த கானை ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று முக்தார் நினைத்தார். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

மூக்காயி சிவப்புச் சேலையைப் பிரித்தாள். அது இப்போது ரோஜா நிறத்தில் இருந்தது.

"சாயம் போவுது மொதலாளி. என்னா துணியோ. எதிர்க்கடையில இத விட நல்லதாத் தாராங்களாம்."

"எதிர்க்கடையா?" முக்தாருக்குச் சுரீரென்றது. "தங்கச்சி, இது சாதாரணச் சாயம் இல்ல, இது வந்து..."

சட்டென்று நிறுத்தினார். கானின் ஓரத்தில் கோட்டைத் தூக்கிக்கொண்டு குந்திய ஒரு மனுஷர் அவர் கண்முன்னே வந்து போனார். மூக்காயி பொறுமையாகக் காத்திருந்தாள். அவள் விரல் முந்தானையைத் தேடுவதுபோல் மெல்ல அசைந்தது.

முக்தார் உள்ளே போய், அலமாரியிலிருந்து வேறொரு சேலையை எடுத்து அவள் மடியில் வைத்தார். மைத்துனனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.